பேய் கேமில் புதிர் எதற்கு?

கேள்வி, 3 நவம்பர் 2024

தீபாவளி லீவில் சைலண்ட் ஹில் 2-இன் புதிய பதிப்பை ஆடி முடித்தேன். பயமுறுத்துவதில் குறையே இல்லை. ஆனால் நாணயம், கடிகாரம், பூட்டு என்று போகிற இடமெல்லாம் புதிர். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் நின்று கணக்குப் போடுவானா? நான் வாக்த்ரூவை, அதாவது விடையெல்லாம் சொல்லித் தருகிற வழிகாட்டியைப் பார்த்து எண்ணைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். பேய் கேமுக்குப் புதிர் எதற்கு? யாராவது இதை உண்மையிலேயே ரசித்துச் செய்கிறீர்களா?

3 நவம்பர் 2024, இரவு

நான் ரசித்துத்தான் செய்கிறேன். இருபத்து நான்கு வருடமாகச் செய்கிறேன்.

புதிர் இல்லாவிட்டால் பேய் கேமை ஒரே ஓட்டத்தில் கடந்துவிடலாம். இருட்டுத் தாழ்வாரம், நடுவில் ஒரு ஜோம்பி, அந்தப் பக்கம் கதவு. ஓடினால் முடிந்தது. 1996-இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவிலில் அந்த மாளிகை ஏன் இன்னும் மனதில் நிற்கிறது? அதே தாழ்வாரத்தில் பத்துத் தடவை நடக்க வைத்தார்கள். சாவி ஓரிடத்தில் கிடைக்கும், அது திறக்கிற கதவு வேறெங்கோ இருக்கும். கிறிஸ்ஸை வைத்து ஆடினால் பையில் ஆறே இடம், ஜில்லுக்கு எட்டு. துப்பாக்கி, தோட்டா, மூலிகை என்று வைத்தால் கிறிஸ்ஸுக்கு மூன்று இடம்தான் மிச்சம். சாவியை எடுப்பதா, இன்னும் கொஞ்சம் தோட்டா எடுப்பதா என்று பெட்டி முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஜோம்பி எதிரே வரும்போது அவ்வளவு இல்லை.

அதனால் புதிர் பயத்தைக் கெடுக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எப்படி அவிழ்ப்பது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன், காலையில் வேலை.

4 நவம்பர் 2024

நான் வளர்ந்தது மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பா பால்மரம் சீவினார். விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போயிருக்கிறேன். ஒரு நெரையில், அதாவது ஒரு மர வரிசையில் நுழைந்தால் ஒரு மரம் விடாமல் போய், அடுத்த நெரையில் திரும்பி வர வேண்டும். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் அந்த இருட்டில் அது எது என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் பால் எடுக்கப் போகும்போதும் அதே வரிசைதான்.

பேய் கேமிலும் என் வழி அதுதான். நெரை பிடித்துப் போவது. முதலில் அறையில் இருக்கிற ஆபத்தை முடித்துவிடுவேன், அல்லது அதை வெளியே இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவேன். அப்புறம் இடது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று. கண்ணில் படுகிற எழுத்து, எண், படம் எதையும் விடாமல் 555 நோட்டில் எழுதுவேன். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்குகிற அந்தச் சின்ன நோட்டு, அதேதான். எது தேவை, எது தேவையில்லை என்று அப்போது யோசிக்க மாட்டேன். எழுதி முடித்துவிட்டுத்தான் யோசனை.

இந்த வழி கைவிட்ட இடமும் உண்டு. அந்த மாளிகையில் படங்கள் மாட்டிய ஒரு கூடம் வரும். மேலே வரிசையாகக் காகங்கள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு பொத்தான். நெரை பிடித்துப் போகிறவன் என்ன செய்வான்? வரிசையாக அழுத்துவான். தப்பாக அழுத்தினால் காகங்கள் கொத்த வந்துவிடும். அங்கே பிள்ளையில் இருந்து கிழவர் வரைக்கும் வயது வரிசைப்படி அழுத்த வேண்டும். சுவர் காட்டுகிற வரிசை வேறு, படங்கள் சொல்கிற வரிசை வேறு. இது உறைக்க எனக்கு மூன்று தடவை கொத்து வாங்க வேண்டியிருந்தது.

7 நவம்பர் 2024

அதிகமாக மெனக்கெட்ட புதிர் எது என்று கோலா கங்சாரில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். யோசிக்கவே வேண்டாம், முதல் சைலண்ட் ஹில்லில் வருகிற பியானோ.

கேம் வந்தது 1999-இல். எங்கள் கைக்குக் கிடைத்தது அடுத்த வருடம். ஈப்போவில் வேலை செய்த மாமா தன் பழைய பிளேஸ்டேஷனைக் கொடுத்துவிட்டுப் போனார். மெமரி கார்டு கிடையாது. அணைத்தால் போச்சு, மறுநாள் முதலில் இருந்து. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அப்போதும் ஜெனரேட்டர் கரண்டுதான். ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். எட்டரைக்கு ஆரம்பித்தால், மிட்விச் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து பியானோ முன்னால் போய் நிற்க ஒன்பதரை ஆகிவிடும். மிச்சம் அரை மணி நேரம்.

அந்த அறையிலேயே ஒரு பாட்டு எழுதியிருக்கும். குரலில்லாத பறவைகளின் கதை. ஐந்து பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெலிக்கன், டவ், ரேவன், ஸ்வான், க்ரோ. ஒன்று முன்னால் போகும், ஒன்று அதைத் தாண்டிப் போகும், ஒன்று இன்னொன்றின் பக்கத்தில் வந்து உட்காரும். பியானோவில் ரத்தம் படிந்த கட்டைகள். தப்பாக அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. அதுதான் கொடுமை. காகம் வந்து கொத்தினாலாவது தப்பு என்று தெரியும்.

நான் அப்போது படிவம் 1, ஏழாம் வகுப்பு மாதிரி. ரேவன் என்பதை ராவன் என்று படித்து, ராவணன் என்றே நினைத்துக்கொண்டோம். பத்துத் தலை என்பதால் பத்துக் கட்டையோ என்றுகூட ஒருநாள் அழுத்திப் பார்த்தாயிற்று. அப்புறம் அக்கா பள்ளிக்கூட ஆங்கில மலாய் கமுஸை, அகராதியை எடுத்துப் பார்த்தாள். ரேவனுக்கு எதிரே காகாக் என்று இருந்தது. க்ரோவைப் புரட்டினால் அதற்கும் காகாக். இரண்டும் ஒரே பறவை என்றால் மொத்தம் நாலுதானே, பாட்டில் எப்படி ஐந்து? அதிலேயே பல ராத்திரி போனது.

தமிழில் க்ரோ காக்கை, ரேவன் அண்டங்காக்கை. பாட்டியைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

கடைசியில் எனக்குத்தான் பிடிபட்டது. சில கட்டைகளை அழுத்தினால் சத்தமே வராது. கெட்டுப்போன கட்டை என்று அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். குரலில்லாத பறவைகள் அவைதான். வெள்ளைப் பறவைக்கு வெள்ளைக் கட்டை, கறுப்புப் பறவைக்குக் கறுப்புக் கட்டை. எந்த ஐந்து கட்டை என்று தெரிந்தாலும்கூட அவற்றை 120 விதமாக வரிசை மாற்றி அழுத்தலாம். அந்த வரிசையைப் பாட்டு சொல்கிறது.

8 நவம்பர் 2024

அக்கா நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு போன் பண்ணினாள். “டேய், ஊமைக் கட்டையைக் கண்டுபிடித்தது நீயா?”

அவள்தான். கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்தவள் அவள். அந்த ஆர்மோனியத்தில் இரண்டு ஊமைக் கட்டைகள் உண்டு. இத்தனை வருடமாக நான் கண்டுபிடித்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்லவில்லை. நேற்று எழுதியதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

10 நவம்பர் 2024

அக்காவின் வழியைப் பற்றி எழுதாமல் விட்டால் நியாயம் இல்லை. அவள் நெரை பிடிக்க மாட்டாள். வாசலிலேயே நின்று, இந்த அறையில் என்ன இல்லை என்று பார்ப்பாள். சிலையின் கையில் ஏதோ இருந்திருக்க வேண்டும், இல்லை. சுவரில் பதக்கம் பதிக்கிற பள்ளம் இருக்கிறது, பதக்கம் இல்லை. நான் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து எது எங்கே பொருந்தும் என்று முட்டி மோதுவேன். அவள் பள்ளத்தைப் பார்த்துவிட்டு அதற்கு என்ன தேவை என்று தேடிப் போவாள்.

இது பாட்டியிடம் இருந்து வந்தது என்று நினைக்கிறேன். அம்மா படுத்திருக்க மகள் ஓடித் திரிவாள், அது என்ன என்று பாட்டி கேட்பார். நான் தோட்டம் முழுக்க அம்மாக்களையும் மகள்களையும் நினைத்துப் பார்ப்பேன். அக்கா அடுக்களையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு அம்மி குழவி என்பாள். பாட்டி உட்கார்ந்திருக்கிற இடத்தில் கண்ணில் படுகிறதைத்தான் விடுகதையாகப் போடுவார் என்பது அவளுக்குத் தெரியும். நல்ல கேமும் அப்படித்தான். விடை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும்.

ரெசிடென்ட் ஈவிலில் சுவரில் ஒரு ஷாட்கன் மாட்டியிருக்கும். ஆசையாக எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு வந்தால் மேற்கூரை இறங்கி நசுக்க வரும். ஜில்லாக இருந்தால் அவள் கூட்டாளி பாரி வந்து காப்பாற்றுவார். கிறிஸ்ஸுக்கு அப்படி யாரும் இல்லை. எடுத்த இடத்தில் ஓர் உடைந்த ஷாட்கனை மாட்ட வேண்டும். நான் இதை அடிபட்டுத்தான் கற்றேன். அக்கா துப்பாக்கியைப் பார்க்கவில்லை, அது தொங்கிய கொக்கியைப் பார்த்தாள். “எடுத்தால் கொக்கி மேலே போகுது பாரு, வெயிட்டா எதையாவது மாட்டணும்.”

இதற்கெல்லாம் முன்னோடி 1992-இல் பிரான்சில் செய்த அலோன் இன் தி டார்க். பரண் மாதிரி ஓர் அறையில் ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக ஒன்று உள்ளே வரும். அது வருவதற்குள் அலமாரியைத் தள்ளி ஜன்னலை அடைத்துவிட்டால் வராது. தரையில் இருக்கிற கதவின் மேலும் பெட்டியைத் தள்ளி வைக்கலாம். புதிர் என்று யாரும் சொல்லவில்லை, எண் இல்லை, பூட்டு இல்லை. வீட்டுக்குள் திருடன் வருகிறான் என்றால் நாம் என்ன செய்வோமோ அதுதான். இவ்வளவு வருடம் கழித்தும் இதைவிட நல்ல தொடக்கப் புதிரை நான் பார்க்கவில்லை.

16 நவம்பர் 2024

வாக்த்ரூ விஷயத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்டவருக்கு முதலில் கொஞ்சம் கோபமாகத்தான் பதில் எழுதினேன். யோசித்துப் பார்த்தால் நானும் பார்த்திருக்கிறேன், அதற்காக எனக்கு வருத்தமும் இல்லை.

2003-இல் வந்த சைலண்ட் ஹில் 3-இல் ஆரம்பத்திலேயே ஒரு புத்தகக் கடை வரும். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் கீழே விழுந்து கிடக்கும். புதிரை நடுத்தரத்தில் வைத்தால் அவற்றை அலமாரியில் சரியாக அடுக்கினாலே முதுகில் எண் தெரியும். கடினத்தில் வைத்தால், அந்த நாடகங்களில் யார் என்ன செய்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் நாங்கள் படித்தது மலாய் இலக்கியமும் தமிழ் இலக்கியமும். சித்தியவானில் இருக்கிறவனோ சுங்கை சிப்புட்டில் இருக்கிறவனோ அந்தக் கடையை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் விடை கிடைக்காது, ஏனென்றால் விடை அந்தக் கடையில் இல்லை. அங்கே நான் வாக்த்ரூ பார்த்தேன். கேமுக்கு வெளியே இருக்கிற ஒன்றைக் கேட்டால், வெளியே போய்த் தேடுவதுதான் முறை. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விடை உள்ளே இருக்கும்போது பார்ப்பதுதான் நஷ்டம். அந்தப் பியானோவுக்கு விடையை யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இன்றைக்குச் சொல்ல என்ன இருந்திருக்கும்?

கேள்வி கேட்டவருக்கு இன்னொன்று. சைலண்ட் ஹில் 2-இல் சண்டைக்கு ஒரு கடினம், புதிருக்குத் தனியாக ஒரு கடினம் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். 2001-இல் வந்த பழையதிலும் உண்டு, இப்போது வந்ததிலும் உண்டு. புதிரை எளிதில் வைத்து, சண்டையைக் கடினத்தில் வைத்து ஆடுங்கள். வாக்த்ரூ தேவைப்படாது. நான் நேர் எதிராக வைப்பேன்.

அதே கேமில் கடிகாரப் புதிர் இருக்கிறதே, அதையும் யோசித்தேன். ஹென்றி, மில்ட்ரெட், ஸ்காட் என்று மூன்று பெயர்கள். ஆங்கிலத்தில் மணி, நிமிடம், விநாடிக்கு வருகிற முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர்களின் முதலெழுத்துகளும். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு இது ஒரு நொடி. தெரியாதவனுக்கு மூன்று வெள்ளைக்காரர்கள், அவ்வளவுதான். தமிழில் இதை எப்படிச் செய்வது?

17 நவம்பர் 2024

தமிழ்க் கடிகாரத்துக்குப் பெயர்கள் கொட்டிவிட்டன. நித்யா, விமலா, நிர்மலா, வினோத். எல்லாம் சரி, மணிக்கு என்ன செய்வது? மணி என்று ஓர் ஆளை வைத்தால் பெயரே விடையாகிவிடும். மணியம் என்று வையுங்கள் என்கிறார் ஒருவர். பத்துப் பேர் இருக்கிற தோட்டத்தில் நாலு மணியம் இருப்பார்கள், யாருக்கும் சந்தேகம் வராது என்கிறார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. மணியம், நித்யா, வினோத். யாராவது கேம் செய்கிறவர்கள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

24 நவம்பர் 2024

4-ஆம் தேதி எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். முதலில் ஆபத்தை முடி, அப்புறம் புதிர் என்று எழுதினேன். ஒரு வாரமாக அம்னீசியா: தி பங்கர் ஆடுகிறேன். 2023 ஜூனில் வந்தது. இதில் அது நடக்காது.

முதல் உலகப் போர், பதுங்குகுழிக்குள் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுச் சிப்பாய். உள்ளே ஒரு மிருகம் திரிகிறது. அதைக் கொன்று தீர்க்க வழியில்லை, சுட்டால் கொஞ்ச நேரம் விலகும், அவ்வளவுதான். நடுவில் ஒரு ஜெனரேட்டர். தேடிக் கொண்டுவந்து எண்ணெய் ஊற்றினால் விளக்கெரியும். எண்ணெய் தீர்ந்தால் இருட்டு, இருட்டில் மிருகம் துணிந்து வெளியே வரும். கையில் ஒரு டார்ச்சு, அதைக் கயிறு இழுத்துச் சுற்ற வேண்டும், சுற்றுகிற சத்தம் அதற்குக் கேட்கும்.

வாக்த்ரூவும் உதவாது. செத்த சிப்பாய்களின் அடையாளத் தகட்டின் பின்னால் பெட்டிகளைத் திறக்கிற எண் இருக்கும். ஒவ்வொரு தடவை புதிதாக ஆரம்பிக்கும்போதும் எண்கள் மாறிவிடும், பொருட்கள் இருக்கிற இடமும் மாறும். பூட்டிய மரக்கதவுக்கும் ஒரே விடை இல்லை. செங்கல்லை எறிந்து உடைக்கலாம், வெடி வைக்கலாம், மிருகத்தையே அந்தப் பக்கம் வரவைத்தும் உடைக்க வைக்கலாம். நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன், இரண்டாவது நாளே நோட்டை மூடிவிட்டேன்.

ஆனால் ஒன்று என்னை விடவில்லை. ஜெனரேட்டர் நிற்கப் போகிற நேரம். எங்கள் லயத்தில் பத்து மணி நெருங்கும்போது அதன் சத்தம் ஒரு மாதிரி இறங்கும். குண்டு பல்பு ஒரு தடவை மஞ்சளாகி, திரும்ப ஏறி, அப்புறம் ஒரேயடியாக அணையும். அந்த ஒரு தடவை மஞ்சளாகும்போது அம்மா பாயைத் தட்டி விரிப்பார், அப்பா மண்ணெண்ணெய் விளக்கைக் கிட்டே இழுத்து வைப்பார், நான் கட்டுப்பாட்டுக் கருவியை இன்னும் வேகமாக அழுத்துவேன். எண்ணெய் எவ்வளவு நேரம் தாங்கும் என்று இந்தக் கேமில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை.

1 டிசம்பர் 2024

அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. கேமை வாங்குவதற்கு முன்பே யாரோ ஆடுகிற வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் தொடுவான். “மாமா, எங்கே சாவோம்னு தெரிஞ்சா பயமில்லாம ஆடலாம்ல?” இதைக் கேட்டு எனக்கு ஆறவில்லை. அரை மணி நேரம் பாடம் எடுத்தேன்.

அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ரெசிடென்ட் ஈவில் 7-ஐப் போட்டான். 2017-இல் வந்தது. அதில் ஒரு பழைய வீடியோ டேப் கிடைக்கும். பிறந்தநாள் கேக் வைத்த அறையில் ஒருவன் அடைபடுகிறான். புதிரை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறான், கடைசியில் மெழுகுவர்த்தியைக் கேக்கில் வைக்கிறான், தீப்பிடித்துச் சாகிறான். அதை ஆடுவது நாம்தான். அப்புறம் கதாநாயகனாக அதே அறைக்குள் போனால், செத்தவன் உயிரைக் கொடுத்துக் கண்டுபிடித்த கடவுச்சொல்லை நேராகப் போட்டுவிடலாம். அடுத்தவன் ஆடுவதைப் பார்த்துவிட்டு ஆடு என்று கேமே சொல்கிறது. என் மருமகன் என்னைப் பார்த்தான். நான் சொல்ல ஒன்றும் இல்லை.

2014 ஆகஸ்டில் வந்த பி.டி. என்கிற சின்னப் பேய் கேமும் நினைவுக்கு வந்தது. ஒரே தாழ்வாரம், திரும்பத் திரும்ப. கடைசிப் புதிருக்கு உள்ளே தெளிவான துப்பே கிடையாது. எத்தனையோ நாட்டு ஆட்கள் ஆளுக்கொன்றாகக் கவனித்ததைப் பேசிப் பேசித்தான் அது அவிழ்ந்தது. அதில் தனியாக உட்கார்ந்து சாதித்தேன் என்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அடுத்த வருடம் அதை இணையக் கடையில் இருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2019-இல் ரெசிடென்ட் ஈவில் 2-ஐத் திரும்பச் செய்தபோது, எடுக்க வேண்டியது இன்னும் இருக்கிற அறை வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும், முடிந்தால் நீலமாகிவிடும். தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் வரவு போடுகிற மாதிரி. வசதிதான். ஆனால் நான் அறையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வரைபடத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சிவப்பு இருந்தால் தேடுகிறேன், நீலம் என்றால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பழைய சைலண்ட் ஹில்லில் கதாநாயகன் வரைபடத்தில் தானே பேனாவால் கிறுக்குவான். பூட்டிய கதவு, போக முடியாத தெரு, சந்தேகமான இடம். அதில் அவன் போனது மட்டும்தான் இருக்கும். எனக்கு அது போதும்.

15 டிசம்பர் 2024

மழை விடவில்லை, இரண்டு நாளாக டிடென்ஷன் ஆடினேன். தைவான்காரர்கள் 2017-இல் செய்தது, 1960-களின் ராணுவ ஆட்சிக் காலத்துப் பள்ளிக்கூடம். ஆவி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். இன்னொரு வழி, ஒரு கிண்ணம் சோற்றைத் தரையில் படைத்தால் ஆவி அந்தப் பக்கம் போய்விடும்.

அக்கா அன்று வீட்டில் இருந்தாள். துப்பைப் படிக்கவே இல்லை. கிண்ணத்தைப் பார்த்ததும், “பசியோடு நிற்கிறது, முதலில் சோறு வை” என்றாள். எங்கள் தோட்டத்து முனியாண்டிக்குச் சுருட்டும் கள்ளும் வைத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் பால்மரம் சீவ இறங்குவார்கள். அவளுக்கு இது புதிராகவே தெரியவில்லை. வெள்ளைக்காரர் ஒருவருக்கு இது நின்று யோசிக்க வேண்டிய இடமாக இருந்திருக்கும், ஷேக்ஸ்பியர் கடையில் நான் நின்ற மாதிரி. 16-ஆம் தேதி எழுதியதை முழுதாக மாற்றவில்லை, ஆனால் உள்ளே, வெளியே என்று கோடு போட்டது அவ்வளவு சுலபமில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சோற்றுக் கிண்ணத்துக்கு விடை எங்கே இருந்தது? கேமிலா, எங்கள் தோட்டத்திலா?

இந்தோனேசியாவில் செய்த பமாலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயரே விலக்கு என்றுதான் பொருள், நம் ஊர் மலாய்க்காரர்கள் பந்தாங் என்பார்களே அது. செய்யக்கூடாததைச் செய்தால்தான் வினை. என்ன செய்வது என்று தேடுகிற பழக்கத்தில் இருக்கிற எனக்கு, எதைச் செய்யாமல் விடுவது என்று யோசிப்பது புதிதாக இருந்தது. ராத்திரியில் வீட்டைக் கூட்டாதே, நகம் வெட்டாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் ஆடிப் பாருங்கள்.

12 ஜனவரி 2025

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது அக்காவுக்குப் பழைய 555 நோட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. எடுத்துக்கொண்டு வந்தாள். முன்பக்கம் அப்பாவின் கையெழுத்து, தேதி போட்டு அன்றன்றைக்கு எடுத்த பாலின் எடை. பின்பக்கத்தில் இருந்து திருப்பினால் நாங்கள். வரிக்கு ஐந்து எண்கள், ஒவ்வொரு வரியின் மேலும் ஒரு கோடு. பியானோவில் முயன்று பார்த்து ஆகாத வரிசைகள். அப்பாதான் சொன்னார், “முடிஞ்ச மரத்துக்குக் கோடு போடு, இல்லைன்னா அதையே திரும்ப சீவிக்கிட்டு இருப்பே.” எண்ணிப் பார்த்தோம், 61 வரி.

62-ஆவது வரியில் இரண்டு எண்களோடு நிற்கிறது. கீழே அக்காவின் எழுத்தில், “காக்கை 2 = கறுப்பு 2?”

அன்றைக்கு அப்போதுதான் கரண்டு போனது என்கிறாள். நான் தூங்கிவிட்டேனாம். அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, கோயிலில் பஜனை. பாயில் படுத்தபடியே தரையில் விரலால் ஆர்மோனியம் வாசித்துப் பார்த்திருக்கிறாள். ஊமைக் கட்டை வருகிற இரண்டு இடத்திலும் விரல் தானாகத் தாண்டியதாம். நாம் பியானோவிலும் இப்படித்தானே தாண்டுகிறோம் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். இருட்டில் பாட்டை மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லி ஐந்து இடத்தையும் தரையிலேயே கண்டுபிடித்துவிட்டாள். என்னை எழுப்பவில்லை.

மறுநாள் பஜனை முடிந்து வந்து எட்டே முக்காலுக்கு ஆரம்பித்தோம். மூடுபனித் தெரு, நாய்கள், பள்ளிக்கூடம், எல்லாம் திரும்ப முதலில் இருந்து. பேய் கிட்டே வருகிறது என்று ரேடியோ கரகரத்தால் விளக்கை அணைத்துவிட்டு ஓரமாகப் போனோம். பியானோ அறைக்கு வந்தபோது ஒன்பது ஐம்பது. அக்கா கருவியை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டாள். வெள்ளை, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு. ஒன்றிலும் சத்தம் வரவில்லை. வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

பல்பு ஒரு தடவை மஞ்சளானது. அதற்கு மேல் எங்கே போவது என்று தெரியவில்லை, சேவ் பண்ணக் கார்டும் இல்லை. அக்கா பதக்கத்தைப் பையில் திறந்து பெரிதாக்கி வைத்தாள். கரண்டு போகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.